விடிவதற்குள் ஒரு மடி மொட்டு

பங்குனி மாதம், விடிகாலை நாலு மணி. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மல்லிகை வரிசைக்குள் இறங்குகிறேன். வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டும் செடி எழுந்து நிற்கிறது, மேலெல்லாம் பச்சரிசியை வாரி இறைத்த மாதிரி மொட்டு. சேலையைத் தூக்கிச் செருகி மடி கட்டியாயிற்று. காம்போடு பிடித்து, கிளை அதிராமல், நகத்தால் ஒரு கிள்ளு. அடுத்தது. அடுத்தது. ஆறரை மணிக்குச் சிறுமலைக்கு மேலே வெயில் ஏறும்போது மடியில் ஒன்றரைக் கிலோ கனக்கும். என் இரண்டு பிள்ளைகளை விட்டால் இவ்வளவு ஆசையாக நான் சுமந்தது வேறெதுவும் இல்லை.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண். ஒரு கிணறு, இரண்டு மாடு, பத்துப் பன்னிரண்டு கோழி. மாமனார் காலத்தில் இங்கே நிலக்கடலையும் வெங்காயமும் போட்டார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் பூவுக்கு மாறினோம். இப்போது 40 சென்ட் மல்லிகை, 20 சென்ட் சம்பங்கி, 30 சென்ட்டில் பருவத்துக்குப் பருவம் மாறுகிற செண்டு, கோழிக்கொண்டை, வாடாமல்லி. மீதியில் தீவனப்புல், தென்னை, வீடு, வீட்டைச் சுற்றி விற்காத பூக்கள்.

நெல் போட்டவர்களுக்கு நாலு மாதத்துக்கு ஒரு அறுவடை. கரும்புக்காரருக்கு வருஷத்துக்கு ஒன்று. பூக்காரிக்குத் தினமும் அறுவடை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு விம்முகிறது. நேற்று மழை கெடுத்தது, போகட்டும், நாளைக்கு மொட்டு உண்டு. இன்றைக்கு விலை விழுந்தது, போகட்டும், வெள்ளிக்கிழமை வருகிறது. இப்படிப் பெருந்தன்மையான வெள்ளாமை வேறு எது இருக்கிறது? காலையில் கொடுத்துவிட்டு, மாலைக்குள் நாளைக்கானதைத் தயார் செய்துவிடுகிற செடியை நான் என்னவென்று புகழ்வது!

ஆரம்பத்தில் இந்த மொட்டுக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் கிள்ளிப் போட்டேன். பறிக்க வருகிற கீழத்தெரு அக்கா என் மடியில் கையை விட்டு அளைந்து பார்த்துவிட்டு, விளக்கைத் தாழ்த்தி ஒரு கொத்தைக் காட்டினார். ஒரே கொத்தில் மூன்று மொட்டு. நடுவில் இருந்தது முழுசாகத் திரண்டு, பால் வெள்ளையாக, காம்புக்கும் இதழுக்கும் நடுவில் மெல்லிசாக நீண்டிருந்தது. இரண்டு பக்கமும் இருந்தவை உருண்டைதான், ஆனால் பச்சை ஓடிய வெள்ளை, கழுத்தும் குட்டை.

“கழுத்தப் பாரு தாயி. கழுத்து நீண்டுருச்சுன்னா இன்னைக்கிப் பொழுது சாய விரிஞ்சிரும். அதத்தான் எடுக்கணும். குட்டக் கழுத்து நாளைக்கி உள்ளது. அத இன்னைக்கிப் பறிச்சா அது கடைசி வரைக்கும் விரியாது, கருகிப் போயிரும்.”

அன்றைக்கு அந்தக் கழுத்தைப் பார்த்தவள்தான். இப்போது விளக்கே இல்லாமல் விரல் நுனியில் தெரியும். தொட்டதும் இன்றைக்கு உள்ளதா நாளைக்கு உள்ளதா என்று கை சொல்லிவிடும். ஒருமுறை ஆசைக்கு நூறு கிராமை எடைபோட்டு எண்ணிப் பார்த்தேன், நானூறு மொட்டுக்கு மேல் இருந்தது. அப்படியானால் ஒரு கிலோவுக்கு நாலாயிரத்துக்கு மேல். நாலாயிரம் தடவை ஒருவர் குனிந்து, கழுத்தைப் பார்த்து, கிள்ளியது அது. பூக்கடையில் முழம் போடும்போது இதை நினைத்துக்கொள்வேன், பெருமையாக இருக்கும்.

ஒரு விசேஷம் தெரியுமா? பறிக்கும்போது மொட்டில் அநேகமாக வாசமே கிடையாது. நாலு மணியிலிருந்து மல்லிகைக்குள்ளேயே நிற்கிறோம், மூக்கில் ஏறுவது ஈர மண்ணும் இலையும்தான். மாலை ஆறு, ஏழு மணிக்கு இதழ் விரியத் தொடங்கும்போதுதான் மணம் புறப்படும். அந்த நேரத்துக்கு எங்கள் மொட்டெல்லாம் மதுரையில் யார் தலையிலோ, எந்தச் சாமி கழுத்திலோ, பேருந்தில் போகிற யார் மடியிலோ இருக்கும். அதனால் தினமும் ஒரு உழக்கு மொட்டை நான் சந்தைக்கு அனுப்புவதில்லை. அது வீட்டுக்கு. ஈரத்துணியில் முடிந்து பானை நிழலில் வைத்துவிடுவேன். சாயங்காலம் அத்தை வாழை நாரை நனைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார். இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நாரில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டே கட்டுவார், ஒரு மொட்டு நழுவாது. கட்டக் கட்டவே மொட்டு அவர் மடியில் விரியும். விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு முழுக்க மணம் நிற்கும் பாருங்கள், அப்போது யாராவது வந்து இந்த ஒன்றரை ஏக்கரைக் கோடி ரூபாய்க்குக் கேட்டாலும் எழுந்து பேச மனசு வராது.

பறிப்பு முடிந்ததும் கொஞ்ச நேரம் ஓட்டம்தான். மொட்டைச் சாக்கில் உலர்த்தி, பையில் கட்டி, ஏழு மணி ஷேர் ஆட்டோவில் ஏற்றினால் நிலக்கோட்டைப் பூச்சந்தைக் கமிஷன் கடைக்குப் போய்விடும். பிறகு பால் கறந்து, பிள்ளைகளைக் கிளப்பி, ஒரு டம்ளர் காப்பியோடு வாசலில் உட்காரும்போது போன் வரும். “இன்னைக்கி என்ன போச்சு?” இந்த வட்டாரத்தில் ஒருவரை ஒருவர் நலம் விசாரிக்கிற வாக்கியமே இதுதான்.

பூ வெள்ளாமையில் எனக்கு மிகவும் பிடித்தது வருஷம் நகர்கிற விதம். எங்கள் வீட்டில் காலண்டர் இருக்கிறது, நல்ல நேரம் பார்க்க. மாதத்தைத் தோட்டம் சொல்லிவிடும்.

கார்த்திகை கடைசியில் கவாத்து. முதல் தடவை என்னால் செடியை வெட்ட முடியவில்லை. இடுப்பளவு வளர்ந்த செடி, நல்ல பச்சை, அதைத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் ஒன்றும் இல்லாமல் வெட்டச் சொல்கிறார்கள். வெட்டி, இருக்கிற இலையையும் உருவி, தண்ணீரையும் நிறுத்திவிட்டால் ஆயிரம் குச்சிகள் நட்டுவைத்த பொட்டல் மாதிரி இருக்கும் நிலம். அதற்குப் பிறகுதான் உரம். செடிக்கு 10 கிலோ வீதம் தொழுவுரம், சுற்றி மண்ணைக் கொத்தி வைத்துத் தண்ணீர் விடுவோம். சுமார் 25 நாளில் ஒவ்வொரு குச்சியிலும் கணுவுக்குக் கணு தளிர் வெடிக்கும். எண்ணெய் தடவினாற்போல் மின்னுகிற அந்த இளம்பச்சையைப் பார்க்க நான் வேலையில்லாமலே நாலு தடவை தோட்டத்துக்குப் போய் வருவேன். மல்லிகைக்குப் புதுக் கிளையில்தான் பூ. வெட்டினால்தான் கிளை, கிளை வந்தால்தான் பூ.

மார்கழியும் தையும் மல்லிகைக்கு விலை ஏறுகிற மாதங்கள். பனிக்கு மொட்டு வைக்காது, கல்யாணமும் பொங்கலும் சேர்ந்துகொள்ளும், கிலோ ஆயிரங்களைத் தொடும். அந்த விலைக்கு ஆசைப்பட்டுக் கவாத்தைத் தள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. நான் தள்ளிப் போடுவதில்லை. பனிக்காலத்தில் நாலு மொட்டுக்காகச் செடியைக் காக்க வைத்து, பங்குனி சித்திரையில் அது தளர்ந்து நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

அந்த இரண்டு மாதம் எனக்கு வீட்டுப் பூக்களின் காலம். வாசல் ஓரம் டிசம்பர் பூச்செடி ஊதாவும் வெள்ளையுமாகக் குலுங்கும். வாசமே இல்லாத பூ, சந்தையில் மதிப்பும் கிடையாது. ஆனால் கனகாம்பரத்தோடு மாற்றி மாற்றிக் கட்டி மகள் பின்னலில் வைத்து அனுப்பினால் பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்கும். விடிகாலையில் கோலத்துக்கு நடுவே சாண உருண்டையில் பூசணிப் பூ. வேலி ஓரக் கொடியிலிருந்து ஆண் பூவாகப் பார்த்துப் பறிப்பேன், பெண் பூ காய்க்க வேண்டும் அல்லவா. போகி அன்றைக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ, கண்ணுப்பிள்ளைச் செடி, வேப்பிலை. மூன்றும் எங்கள் வரப்பிலேயே கிடைக்கும், யாரும் விதைத்ததில்லை.

அப்புறம் செவ்வந்தி! ஆனியில் பக்கக் கன்று பிரித்து வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி வைப்பேன். ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் இலைதான். பொழுது குறுகி இரவு நீள நீள, செடிக்கு ஏதோ சேதி போன மாதிரி நுனியில் மொட்டுக் கட்டும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு அதிசயம் பார்த்தேன். மூன்று பாத்தி மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்க, மோட்டார் ரூமை ஒட்டிய நாலாவது பாத்தி பச்சைப் பசேலென்று நின்றது. அதே கன்று, அதே எரு, அதே தண்ணீர். வேரைப் பார்த்தேன், இலையைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. கடைசியில் ஒரு ராத்திரி தண்ணீர் மாற்றப் போனபோதுதான் கண்ணில் பட்டது. மோட்டார் ரூம் பல்பு விடிய விடிய அந்தப் பாத்தியின் மேல் எரிந்துகொண்டிருந்தது. செவ்வந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும். வெளிச்சம் விழுந்த செடிகளுக்கு இன்னும் கோடைதான் நடக்கிறது என்று நினைப்பு. அன்றைக்கே பல்பை அணைத்தேன். மாசி பிறக்கிறதற்குள் அந்தப் பாத்தியும் மொட்டுக் கட்டிவிட்டது! மற்ற மூன்றும் ஓய்ந்த பிறகு எனக்கென்று தனியாக ஒரு பாத்தி செவ்வந்தி. இருட்டை நாழிகை நாழிகையாக எண்ணிக்கொண்டிருக்கிற செடியோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறேன் என்று ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாசிக் கடைசியில் மல்லிகை திரும்ப வரும். சித்திரையில் கொட்டும். எங்கள் 40 சென்ட்டில் ஒரு நாளைக்கு 10 கிலோ வரை எடுத்திருக்கிறோம். அப்போது விலை இருநூறு, முந்நூறுக்கு இறங்கும். சென்ட் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொள்வதால் தாங்குகிறது. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் மட்டும் விலை நிமிரும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரையோடு திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கைப் பகுதிகளும் அதில் அடக்கம். பேர் மதுரைக்கு, பதியன் வருவது ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்துக் கடற்கரை மணலிலிருந்து, பூப்பது எங்கள் செம்மண்ணில். மூன்று ஊர் சேர்ந்து வளர்க்கிற பிள்ளை அது.

பதியன் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வருஷம் செடிகளைப் பெருக்க ஒரு நர்சரியில் இருநூறு கன்று வாங்கினோம். ஆறு மாதத்தில் வரிசை வரிசையாக மஞ்சளித்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்கப் பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. நூற்புழு. விற்றவர்கள் பேச்சு கொடுக்கவில்லை. இருநூறையும் பிடுங்கிக் கொளுத்திவிட்டு, அந்த இடத்தில் என்ன செய்வது என்று நின்றபோது தோட்டக்கலை அலுவலர் ஒருவர் சொன்னார், “ரெண்டு போகம் செண்டு போடுங்க.” செண்டுமல்லி வேர் நூற்புழுவை ஒடுக்கும். போட்டோம். மண் தேறியது. அதற்குள் செண்டு எங்கள் வீட்டு மனுஷியாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் கன்றையும் வேரைக் கழுவிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை.

செண்டுக்கு ஆயுத பூஜைதான் இலக்கு, அதிலிருந்து பின்னோக்கி நாள் எண்ண வேண்டும். வைகாசியில் அந்த நிலத்தில் கிடை ஆடு போடுவோம். இருநூறு ஆடு நாலு ராத்திரி படுத்து எழுந்தால் மண்ணுக்கு வேறு விருந்து வேண்டாம். ஆடி பிறந்ததும் நாற்றங்காலில் விதை. 25 நாள் நாற்றை எடுத்து நடவு. நட்டு நாலு வாரத்தில் நுனி கிள்ளல். நிமிர்ந்து போகிற செடியின் தலையைக் கிள்ளிவிட்டால் அடியிலிருந்து பக்கக் கிளைகள் பொங்கும். ஒரு பூ நிற்க வேண்டிய இடத்தில் முப்பது பூ. புரட்டாசியில் அந்த 30 சென்ட்டைப் பார்க்க வாருங்கள் என்று யாரைப் பார்த்தாலும் கூப்பிடுவேன். ஆரஞ்சு என்றால் அப்படி ஒரு ஆரஞ்சு, மேகம் மூடின நாளிலும் நிலத்திலிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி. தேனீ, வண்ணத்துப்பூச்சி, காலையில் தேன்சிட்டு. சின்னவன் அதற்குள் ஓடினால் சத்தம் மட்டும் வரும், ஆளைத் தேட வேண்டும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது அடைமழை. செண்டு தண்ணீரைக் குடித்துத் தலை கவிழ்ந்துவிட்டது. ஈரப் பூவைச் சந்தையில் தொடமாட்டார்கள், மூட்டைக்குள் வெந்து போகும். பாதிக்கு மேல் போய்விட்டது. அன்றைக்குக் கொஞ்சம் கலங்கித்தான் உட்கார்ந்திருந்தேன். அத்தை பூவையெல்லாம் தாழ்வாரத்தில் பரப்பி, இதழை உதிர்த்துக் காயவைத்து, தினமும் இரண்டு கை கோழித் தீவனத்தில் கலந்தார். பத்து நாள் கழித்து முட்டையை உடைத்தால் மஞ்சள் கரு சூரியன் மாதிரி நின்றது. கார்த்திகை முழுக்க அக்கம்பக்கத்தில் எங்கள் முட்டைக்குத்தான் கேள்வி. செண்டில் இருக்கிற நிறம்தான் கருவில் இறங்குகிறதாம். விற்காத பூ முட்டைக்குள் போய் உட்கார்ந்து வந்தது என்று மகள் சொன்னாள், நான் அதை அப்படியே நம்புகிறேன்.

சம்பங்கியைப் பற்றி இவ்வளவு நேரம் சொல்லாமல் இருந்ததற்கு அது கோபிக்காது, அது அப்படிப்பட்ட பூ. ஒருமுறை கிழங்கை ஊன்றிவிட்டால் மூன்று வருஷம் அது பாட்டுக்குத் தண்டு விட்டுக்கொண்டே இருக்கும். நாங்கள் வைத்திருப்பது பிரஜ்வல், பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கின ரகம். மொட்டில் லேசாக ரோஸ் ஓடியிருக்கும், விரிந்தால் சுத்த வெள்ளை. மூன்றடித் தண்டில் அடியிலிருந்து ஆரம்பித்துத் தினமும் இரண்டு மூன்றாக மேலே ஏறி ஏறி மலரும், நாமும் கூடவே ஏறி ஏறிப் பறிக்க வேண்டும். வீட்டில் மாத மளிகைக் கணக்கு சம்பங்கிக் காசில்தான் ஓடுகிறது.

ஐப்பசி மழை வந்தால் எனக்கு வேலை குறையும், கண்ணுக்கு வேலை கூடும். முதல் பெரிய மழைக்கு நாலாம் நாள் கிணற்றடியில் ரெயின் லில்லி இளஞ்சிவப்பாக ஒரே காலையில் எழுந்து நிற்கும். கிளுவை வேலியில் செங்காந்தள் ஏறிவிடும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, இதழெல்லாம் மேல்நோக்கி நெளிந்து, கார்த்திகை விளக்குக்கு முன்னாலேயே வேலியில் விளக்கு ஏற்றிவிட்ட மாதிரி. கிழங்கு விஷம், அதனால் ஆட்டை அந்தப் பக்கம் விடுவதில்லை. பூவைப் பறிப்பதும் இல்லை. நின்று பார்க்க மட்டும் ஒரு பூ வேண்டாமா?

இன்றைக்குச் சாயங்காலமும் வழக்கம்போல வரிசைக்குள் ஒரு நடை போய்வந்தேன். சொட்டுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா, இலைக்கு அடியில் செஞ்சிலந்தி தெரிகிறதா, மொட்டில் புழு துளைத்திருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அடித்த பஞ்சகவ்யத்துக்கு இலை கறுகறுவென்று தேறியிருக்கிறது. குனிந்து கொத்துகளைப் புரட்டினேன். காலையில் குட்டைக் கழுத்தாக விட்டுவந்ததெல்லாம் மெல்ல நீண்டுகொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், எட்டுக் கிலோவுக்குக் குறையாது. வரப்பில் நின்றபடியே கீழத்தெரு அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, நாளைக்கி உங்க மருமகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. மூணரைக்கே வந்துருங்க.”